வந்த வாசல்

தை செங். ஐந்தாம் மாடி.
இரவு இரண்டே முக்கால்.
கம்பளிச் சட்டைக்குள் கையை இழுத்துக்கொண்டு
விரல் நுனிகளால் மட்டும் தட்டச்சுகிறேன்.
விசிறிகளின் இரைச்சலோடு என் காது
எப்போதோ சமாதானமாகிவிட்டது.

புகார் இதுதான்:
பதினேழாம் மெய்நிகர் இயந்திரம்
தோக்கியோவோடு பேசுகிறது,
ஃபிராங்ஃபர்ட்டோடு பேசுகிறது,
பக்கத்து அடுக்கின் கடிகாரத்திடம் நேரம் கேட்டு வாங்குகிறது.
தான் குடியிருக்கும் பெட்டியோடு மட்டும்
பேச்சில்லை.

பிங் அனுப்பினேன்.
மறுபடி அனுப்பினேன்.
நூறு சதவீத இழப்பு என்றது திரை,
கட்டணம் சொல்லும் காசாளரின் குரலில்.

கேபிளா என்று பார்க்க அங்கே கேபிளே இல்லை.
அதுதான் கொடுமை.
இருவருக்கும் ஒரே மின்சாரம், ஒரே நினைவகம்,
சூடேறினால் ஒரே விசிறி.

தீச்சுவரை அணைத்துப் பார்த்தேன்
(இரண்டு நிமிடம்தான், ஷாஹிராவுக்குத் தெரிய வேண்டாம்).
முகவரிகளை வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தேன்.
பிறகு, வேறு வழியின்றி,
பொட்டலங்களை ஒட்டுக்கேட்க உட்கார்ந்தேன்.

10.20.4.7 யாரிடம் இருக்கிறது?
17-க்குச் சொல்லவும்.
ஒரு நொடி.
10.20.4.7 யாரிடம் இருக்கிறது?
17-க்குச் சொல்லவும்.

நாற்பத்தொரு முறை. அலுப்பில்லை, கோபமில்லை.
கூடத்தில் நின்றுகொண்டு
சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கத்துகிறது:
இந்த வீட்டுக்காரர் யார்?

கேள்வி பெட்டியை விட்டு வெளியேறி
சுவிட்சுக்குப் போகிறது.
சுவிட்சுக்கு ஒரு கொள்கை உண்டு.
வந்த வாசல் வழியே
எதையும் திருப்பி அனுப்பாது.

ஈசூனில் என் வாடகை அறைக்கும்
மேடம் குவெக்கின் அறைக்கும் நடுவில்
ஒரு சுவர். அவர் இருமுவதை எண்ண முடியும்.
துவைக்கும் இயந்திரம் பற்றி ஏதேனும் இருந்தால்
முகவர் டெரிக்குக்கு அனுப்புவார்.
டெரிக் எனக்கு அனுப்புவார்,
அல்லது மறந்துவிடுவார்.
ஒப்பந்தத்தில் "லேசான சமையல் மட்டும்" என்று இருக்கிறது;
பேச்சைப் பற்றி ஒன்றும் இல்லை.
பதினான்கு மாதத்தில் மூன்று ஹலோ.
அதில் ஒன்று பூனைக்கு.
இரவுகளில் நான் பெர்த்தில் உள்ள அக்காவோடு,
அந்தப் பக்கம் அவர் வான்கூவர் மகனோடு,
இருவருமே ஒலிபெருக்கியில்.

மூன்று நாற்பதுக்கு விடை கிடைத்தது.
பெட்டிக்குள்ளேயே இன்னொரு வாசல் வேண்டும்.
குடியிருப்பவர்கள் நிற்கும் அதே நடைபாதையில்
வீட்டுக்காரரும் புதிய எண்ணோடு
ஒரு குடித்தனக்காரராக வந்து நிற்க வேண்டும்.
நான்கு கட்டளைகள்.
மூன்றாவதில் எழுத்துப்பிழை.
மறுபடி.

பதில் வந்தது.
0.04 மில்லிநொடி.
அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது.

சீட்டை மூடினேன். காரணம் என்ற கட்டத்தில்
"வடிவமைப்பு அப்படி" என்று எழுதினேன்.
முதல் ரயிலில் உட்கார இடம் இருந்தது,
தூங்கி ஒரு நிலையம் தாண்டிப் போய்த் திரும்பினேன்.

கதவைத் திறந்தபோது
சமையலறை மேசையில் மேடம் குவெக்
ஒற்றை விரலால் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.
என் பையில் ஒன்றும் அதிரவில்லை.
ஏழு மணிக்கு டெரிக் தூங்குவார்.

மின்தூக்கிக்குக் காத்திருப்பதுபோல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
"டெரிக்குக்கா?" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
மறுபடி மாட்டினார்.
"உன் காலுறை ஒன்று
என்னிடம் இருக்கிறது," என்றார்.
"மார்ச்சிலிருந்து."